சாவியில்லாமல் பூட்டைத் திறக்கப் பழகுதல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பூட்டுகளைச் சாவியில்லாமல் திறந்து பார்ப்பது என் பொழுதுபோக்கு என்று சொன்னால், எதிரில் இருப்பவர் முகத்தில் முதலில் ஒரு சந்தேகம் வரும். அப்புறம் ஒரு சிரிப்பு. அதற்கப்புறம் கேள்விகள். ஆறேழு வருடங்களாக அந்தக் கேள்விகள் பெரிதாக மாறவில்லை. ஆகவே பதில்களை இங்கே ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன்.

போலீஸ் பிடிக்காதா?

உங்கள் காசில் வாங்கிய பூட்டை உங்கள் மேஜைமேல் வைத்துத் திறந்தால் யாருக்கும் அதில் வழக்கு இல்லை. அடுத்தவர் வீட்டுக்குள் அத்துமீறி நுழைவதற்காகத் திறந்தால் கதை வேறு. பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 445ஆம் பிரிவு, நுழைவதற்காகப் பூட்டைத் திறப்பதையும் 'வீடு உடைத்தல்' கணக்கில்தான் வைத்திருந்தது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவும் அப்படியே. அதனால் "எதையும் உடைக்கவில்லை, ஒரு கீறல்கூட விழவில்லை" என்ற வாதம் எடுபடாது.

கருவிகளைப் பையில் போட்டுக்கொண்டு ராத்திரியில் ஊர் சுற்ற வேண்டாம். ரோந்து வரும் காவலரிடம் "இது ஹாபி சார்" என்று விளக்குவதற்கு ஏற்ற நேரம் அது இல்லை. வெளிநாட்டில் இருப்பவர்கள் அந்தந்த நாட்டுச் சட்டத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள். ஜப்பானில் 2003இல் வந்த சட்டப்படி, தொழில் போன்ற தகுந்த காரணம் இல்லாமல் இந்தக் கருவிகளை வைத்திருப்பதே குற்றம்.

இதில் விதிமுறைகள் ஏதாவது உண்டா?

இரண்டு உண்டு. உலகம் முழுக்க இந்தப் பொழுதுபோக்கில் இருப்பவர்கள் இவற்றையே சொல்வார்கள். உங்களுடையது அல்லாத பூட்டை உரியவர் அனுமதி இல்லாமல் தொடக்கூடாது. உங்களுடையதே ஆனாலும், புழக்கத்தில் இருக்கும் பூட்டில் பழகக்கூடாது.

முதல் விதி எல்லோருக்கும் புரிகிறது. இரண்டாவதை யாரும் மதிப்பதில்லை, நானும் மதிக்கவில்லை. தொடங்கிய மூன்றாவது மாதம், பெருமை தாங்காமல் எங்கள் வீட்டு இரும்பு பீரோவில் கை வைத்தேன். கருவியின் முனை ஒடிந்து உள்ளேயே தங்கிவிட்டது. சாவி பாதிக்கு மேல் நுழையவில்லை. மறுநாள் சொந்தத்தில் ஒரு சீமந்தம். அம்மாவின் பட்டுப்புடவை, நகை எல்லாம் உள்ளே. சாவிக்காரர் வந்து பார்த்துவிட்டு, "யாரு தம்பி இந்த வேலையப் பார்த்தது?" என்று கேட்டார். அம்மா என்னைப் பார்த்தார். நான் மின்விசிறியைப் பார்த்தேன்.

இதையெல்லாம் எழுதினால் திருடர்களுக்குச் சொல்லிக்கொடுத்தது போல ஆகாதா?

இந்தக் கேள்விக்கு வயது 170க்கு மேல். 1851இல் லண்டனில் மாபெரும் கண்காட்சி நடந்தபோது ஆல்ஃபிரட் சார்ல்ஸ் ஹாப்ஸ் என்ற அமெரிக்கப் பூட்டுக்காரர் அங்கே போனார். அப்போது சப் நிறுவனத்தின் 'டிடெக்டர்' பூட்டுக்கு இங்கிலாந்தில் பெரிய பெயர். தப்பான சாவியால் உள்ளே இருக்கும் லீவரை (சாவி தூக்க வேண்டிய தகடு) அளவுக்கு மேல் தூக்கினால் அது அப்படியே இறுகி, யாரோ கை வைத்ததைக் காட்டிக்கொடுத்துவிடும். ஹாப்ஸ் அதை அரைமணி நேரத்துக்குள் திறந்துவிட்டார். அடுத்தது பிரமா நிறுவனத்தின் பூட்டு. லண்டன் பிக்காடிலி தெருவில் இருந்த அவர்கள் கடை ஜன்னலில் 1790 முதல் அதை வைத்து, திறப்பவருக்கு 200 கினி (அன்றைய இங்கிலாந்துப் பணம்) பரிசு என்று அறிவித்திருந்தார்கள். அறுபது வருடம் யாராலும் முடியவில்லை. ஹாப்ஸ் 16 நாட்களில் மொத்தம் 51 மணி நேரம் உட்கார்ந்து திறந்தார். அந்தப் பூட்டு இப்போது லண்டன் அறிவியல் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

திருடனுக்கு வழிகாட்டுகிறாரே என்று அன்றைக்கும் கேட்டார்கள். இதெல்லாம் திருடனுக்கு முன்பே தெரியும், தெரியாமல் ஏமாறுவது பூட்டு வாங்குகிறவர்தான் என்பது ஹாப்ஸ் தரப்புப் பதில். அந்த அமளிக்குப் பிறகு பூட்டுக் கம்பெனிகள் தங்கள் பூட்டுகளைத் திருத்தவே செய்தன. என் பங்குக்கு ஒன்று: நம் ஊர்ச் செய்தித்தாளில் வரும் திருட்டுகளில் பூட்டை 'உடைத்து' என்றுதான் இருக்கும். கடப்பாரை வைத்திருப்பவன் எதற்கு ஆறு மாதம் உட்கார்ந்து பழகப் போகிறான்?

எந்தப் பூட்டில் தொடங்குவது? வீட்டில் கிடக்கும் பழைய பூட்டு போதுமா?

புதிதாக வருகிற பத்துப் பேரில் பாதிப் பேராவது இங்கேதான் வழுக்கி விழுகிறார்கள், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

வெளிநாட்டுக் காணொளிகளில் காட்டப்படுவது பெரும்பாலும், உள்ளே 'பின்' என்ற சின்ன உலோகக் குச்சிகள் இருக்கும் பின் பூட்டு. நம் வீட்டுக் கேட்டிலும் கடை ஷட்டரிலும் தொங்குவது பெரும்பாலும் லீவர் பூட்டு. '6 லீவர்', '7 லீவர்' என்று பூட்டின் நெற்றியிலேயே அடித்திருப்பார்கள். அதில் பின்னே கிடையாது. காணொளியைப் பார்த்து, இணையத்தில் கருவி வாங்கி, அதை லீவர் பூட்டுக்குள் விட்டுக் குடைந்து, "எனக்கு இது வராது போலிருக்கிறது" என்று விட்டுவிட்டவர்களை எனக்குத் தெரியும். வராததற்குக் காரணம் கை அல்ல, பூட்டு.

எது எது என்று சாவியைப் பார்த்தே சொல்லிவிடலாம். தட்டையான சாவி, ஓர் ஓரத்தில் ரம்பப் பல் போல மேடு பள்ளம், பக்கவாட்டில் நீளமாக ஓடும் பள்ளக்கோடு என்றால் பின் பூட்டு. தண்டு வெறுமையாக இருந்து, முனையில் மட்டும் வெட்டுகள் இருந்தால் லீவர். சாவியின் தட்டைப் பக்கத்தில் குழி குழியாக இருந்தால் அது டிம்பிள். அதுவும் பின் பூட்டுதான், ஆனால் அதற்குக் கருவி வேறு, இப்போதைக்கு வேண்டாம். மேஜை டிராயர், லெட்டர் பாக்ஸ் போன்றவற்றில் பின்னுக்குப் பதில் மெல்லிய தகடுகள் இருக்கும். எளிதில் திறக்கும், ஆனால் அதிலிருந்து கற்றுக்கொள்ள அதிகம் இல்லை.

ஆகவே நான்கு அல்லது ஐந்து பின் உள்ள நடுத்தர அளவுப் பித்தளைப் பூட்டு ஒன்றைப் புதிதாக வாங்குங்கள். வாங்கும்போது சாவியைக் கவனியுங்கள். உயர்ந்த மேட்டை ஒட்டியே ஆழமான பள்ளம் இருந்தால் அது கஷ்டமான பூட்டு. அலை மெதுவாக ஏறி இறங்குவதாகப் பார்த்து எடுங்கள். கடைக்காரர் ஒரு மாதிரி பார்ப்பார், பரவாயில்லை. சுண்டுவிரல் அளவுப் பெட்டிப் பூட்டு வேண்டாம். கருவி நுழையவே இடம் இருக்காது. கண்ணாடி போன்ற பிளாஸ்டிக்கில் செய்த பயிற்சிப் பூட்டும் விற்கிறது. உள்ளே நடப்பதை ஒரு மாலை பார்த்துப் புரிந்துகொள்ள நல்லது. அதற்கு மேல் அதிலேயே இருந்தால் கண் பழகும், விரல் பழகாது.

சரி, பின் பூட்டுக்குள் என்னதான் இருக்கிறது?

சாவி நுழைகிற உருளை ஒன்று, அதைச் சுற்றி பூட்டின் உடல். இரண்டையும் துளைத்து மேலிருந்து கீழாக நான்கைந்து குழிகள். ஒவ்வொரு குழியிலும் சாவியைத் தொடும் பின் ஒன்று, அதன் தலைமேல் இன்னொரு பின், அதன்மேல் ஸ்பிரிங். சாவி இல்லாதபோது மேல் பின் பாதி உருளையிலும் பாதி உடலிலுமாக உட்கார்ந்து, உருளையைச் சுழல விடாமல் தடுக்கிறது. சரியான சாவி நுழைந்தால் எல்லா ஜோடிகளும் பிரியும் இடம் உருளையின் விளிம்போடு ஒரே கோட்டில் வந்து நிற்கும். உருளை சுழலும்.

எகிப்தியர்கள் இந்த யோசனையை மரத்திலேயே செய்து கதவில் வைத்திருந்தார்கள். நாம் இன்று பயன்படுத்தும் தட்டைச் சாவி வடிவத்துக்கு அதைக் கொண்டுவந்தவர் அமெரிக்காவின் லைனஸ் யேல் ஜூனியர், 1860களில்.

பிறகு சாவியில்லாமல் எப்படித் திறக்கிறது?

செய்தவர் கையில் இருக்கும் சின்னக் குறையால். எந்த இயந்திரமும் ஐந்து குழிகளையும் மயிரிழை பிசகாமல் ஒரே கோட்டில் துளைப்பதில்லை. அதனால் உருளையை லேசாகத் திருப்பி அழுத்தினால் ஐந்து பின்களும் ஒரே நேரத்தில் சிக்குவதில்லை. ஏதோ ஒன்று முதலில் சிக்கும். மற்றவை ஸ்பிரிங்கில் சும்மா துள்ளும், அது மட்டும் விறைப்பாக நிற்கும். அதைத் தேடிப் பிடித்து மெல்லத் தூக்கினால், பிரியும் இடம் விளிம்புக்கு வந்ததும் மேல் பின் வெளியே தங்கிவிடும். விரலில் 'டிக்' என்று ஒரு உணர்வு வரும். உருளை ஓர் இழை சுழலும். இப்போது வேறொரு பின் சிக்கும். அதைத் தேடுங்கள். கடைசிப் பின் உட்கார்ந்ததும் பூட்டு திறந்துகொள்ளும்.

பின்கள் வரிசையாகச் சிக்காது. மூன்றாவது, முதலாவது, ஐந்தாவது என்று எப்படி வேண்டுமானாலும் வரலாம். அந்த வரிசை பூட்டுக்குப் பூட்டு மாறும். ஒரே கம்பெனியின் ஒரே ரகத்தில்கூட மாறும்.

என்ன கருவிகள் வாங்க வேண்டும்?

இரண்டே இரண்டு. முனை கொஞ்சம் வளைந்த ஹூக் ஒன்று, உருளையைத் திருப்ப 'எல்' வடிவ டென்ஷன் கம்பி ஒன்று. இருபது கருவி உள்ள தோல் பை பார்க்க அழகாக இருக்கும். என்னிடமும் இருக்கிறது, அதில் பதினாறு இன்னும் புத்தம் புதிதாக இருக்கின்றன. தகட்டின் தடிமன் 0.6 மில்லிமீட்டர் போல இருந்தால் பழக ஏற்றது. சாவித் துவாரம் குறுகலாக இருந்தால் 0.4 மில்லிமீட்டர் தேவைப்படும், ஆனால் அது சீக்கிரம் வளையும்.

நீங்களே செய்யவும் முடியும். கார் வைப்பரின் ரப்பருக்குள் நீளமாக இரண்டு எஃகுத் தகடுகள் இருக்கும். மெக்கானிக் கடையில் கழற்றிப் போட்ட வைப்பரைக் கேட்டால் சும்மாவே தருவார்கள். டென்ஷன் கம்பிக்கு அதைவிட நல்ல பொருள் எனக்குத் தெரியாது. ஹூக்குக்கு உடைந்த ரம்பத் தகட்டைத் தேய்த்து எடுக்கலாம். தேய்க்கும்போது அடிக்கடி தண்ணீரில் முக்குங்கள். சூட்டில் எஃகு நீலம் பாரித்துவிட்டால் விறைப்பு போய்விட்டது என்று அர்த்தம். கடைசியில் வழுவழுப்பாக உப்புத்தாள் போடுங்கள். சொரசொரப்பான கருவி ஒவ்வொரு உரசலையும் 'டிக்' என்று பொய் சொல்லும்.

தலையில் குத்தும் ஹேர்பின்னில் திறக்க முடியுமா என்று கண்டிப்பாகக் கேட்பீர்கள். மலிவான பூட்டில், பழகிய கையால் முடியும். பழகுவதற்கு அது உதவாது.

ஒரு மணி நேரமாகக் குடைகிறேன், ஒன்றும் நடக்கவில்லை. எங்கே தப்பு?

அநேகமாக இடது கையில். எல்லோரும் ஹூக் பிடித்த கையைப் பற்றியே கவலைப்படுகிறார்கள். பூட்டைத் திறப்பது டென்ஷன் பிடித்த கை. புதியவர்கள் அத்தனை பேரும் அதில் அளவுக்கு மேல் அழுத்துகிறார்கள். அப்படி அழுத்தினால் எல்லாப் பின்களும் ஒன்றாக இறுகிப்போய், எது முதலில் சிக்கியது என்றே தெரியாது. ஓர் ஊதுபத்தியை ஒடியாமல் வளைக்க எவ்வளவு அழுத்துவீர்களோ, அவ்வளவு போதும். விரல் நுனி வெளுத்திருந்தால் அதிகம்.

இன்னொரு தப்பு, ஒரு பின்னை அளவுக்கு மேல் தூக்கிவிடுவது. அப்போது கீழ்ப் பின்னே விளிம்பைத் தாண்டி மேலே போய் அடைத்துக்கொள்ளும். இனி எத்தனை நேரம் முயன்றாலும் திறக்காது. டென்ஷனை முழுக்க விட்டுவிட்டு முதலிலிருந்து தொடங்க வேண்டியதுதான். விடும்போது பின்கள் விழும் சத்தத்தை எண்ணுங்கள். மூன்று 'டிக்' கேட்டால் மூன்று உட்கார்ந்திருந்தன. அதுவும் ஒரு தகவல்தான்.

இதெல்லாம் செய்தும் வரவில்லையா? கதவுப் பூட்டுக்கான சிலிண்டர் (உருளையும் பின்களும் இருக்கும் பகுதி) ஒன்றை ஹார்டுவேர் கடையில் வாங்கிப் பிரியுங்கள். உருளையை வெளியே தள்ளும்போது அதே தடிமனில் ஒரு மரக்குச்சியைப் பின்னாலேயே விட்டு வர வேண்டும், இல்லாவிட்டால் மேல் பின்களும் ஸ்பிரிங்கும் சிதறிவிடும். விளிம்பு வைத்த தாம்பாளத்துக்குள் வைத்துச் செய்யுங்கள். கட்டிலுக்கு அடியில் டார்ச் அடித்து ஸ்பிரிங் தேடிய அனுபவத்தில் சொல்கிறேன். பின்களையெல்லாம் எடுத்துவிட்டு ஒரே ஒரு ஜோடியை மட்டும் திரும்பப் போட்டுப் பூட்டுங்கள். அதைத் திறங்கள். ஒரு பின் உட்காரும்போது எப்படி இருக்கும் என்பதை விரல் முதலில் தெரிந்துகொள்ளட்டும். பிறகு இரண்டு ஜோடி, மூன்று ஜோடி. எனக்கு இந்த வழியில்தான் வந்தது.

உருளை கொஞ்சம் திரும்பி, திறக்கப் போகிறது என்று நினைக்கும்போது நின்றுவிடுகிறது. ஏன்?

வாழ்த்துகள், உங்கள் பூட்டில் ஸ்பூல் பின் இருக்கிறது. மேல் பின்னை நேரான குச்சியாகச் செய்யாமல், உடுக்கை போல நடுவில் இடுப்பு ஒடுக்கிச் செய்திருப்பார்கள். அந்த இடுப்பு விளிம்பில் மாட்டும்போது உருளை சில டிகிரி திரும்பும், திறந்த மாதிரி ஆசை காட்டும், நின்றுவிடும். அந்த நிலையில் சரியான பின்னைத் தூக்கினால் உருளை எதிர்ப்பக்கமாகத் திரும்பப் பார்க்கும். அதைத் தடுக்காதீர்கள். டென்ஷனை இழை இழையாகத் தளர்த்திக்கொண்டே தூக்குங்கள். முன்னால் உட்கார்ந்த ஒன்றிரண்டு பின்கள் இந்தத் தளர்வில் விழுந்துவிடலாம், மறுபடி ஏற்றிக்கொள்ளலாம். இந்தப் பின்வாங்கலை முதல்முறை விரலில் உணர்ந்த நாள், முதல் பூட்டைத் திறந்த நாளைவிட எனக்கு நன்றாக நினைவிருக்கிறது.

ரேக் (முனை அலையலையாக இருக்கும் கருவி) வைத்துச் சர்சர் என்று இழுத்தால் பத்து நொடியில் திறக்கிறதே, எதற்கு ஒவ்வொரு பின்னாகத் தேட வேண்டும்?

திறக்கும், மலிவான பூட்டில். முதல் நாள் உற்சாகத்துக்கு ஒருமுறை செய்து பாருங்கள், தப்பில்லை. ஆனால் எதனால் திறந்தது என்று உங்களுக்கும் தெரியாது, அடுத்த பூட்டில் வேலை செய்யாதபோது ஏன் என்றும் தெரியாது. அதற்குமேல் எனக்கு அதில் ஆர்வமில்லை.

பூட்டுக்கு எண்ணெய் போடலாமா?

தேங்காய் எண்ணெய் மட்டும் வேண்டாம். அன்றைக்கு வழுக்கும், ஆறு மாதத்தில் தூசியோடு சேர்ந்து பிசுக்காகிவிடும். மழைக்குப் பிறகு இறுகிப்போன கேட் பூட்டுகளில் பாதி இப்படிப் பிசுக்கு ஏறியவைதான். உலர்ந்த கிராஃபைட் தூள் நல்லது.

தெருவோரச் சாவிக்காரர் சாவியே இல்லாமல் புதுச் சாவி செய்கிறாரே, அது எப்படி?

இது நாங்கள் செய்வதைவிட உயர்ந்த வித்தை என்பது என் எண்ணம். வெட்டுப் போடாத வெற்றுச் சாவியைப் பூட்டுக்குள் விட்டு, இறுக்கித் திருப்பி, மேலும் கீழும் லேசாக அசைத்து வெளியே எடுப்பார். விளிம்புக்கு வராத பின் இறுகி நின்று, பித்தளையில் ஒரு சின்னப் பொட்டு வைத்திருக்கும். அந்த இடத்தில் மட்டும் அரத்தால் ஓர் இழுப்பு. மறுபடி விட்டுத் திருப்புவார், மறுபடி பொட்டு, மறுபடி அரம். சரியான ஆழம் வந்ததும் அந்த இடத்தில் பொட்டு விழாது. லீவர் பூட்டு என்றால் சாவியைச் சுடரில் காட்டிக் கரி ஏற்றி, கரி எங்கே அழிகிறது என்று பார்ப்பதும் உண்டு. கடைசியில் பூட்டும் திறந்திருக்கும், கையில் சாவியும் இருக்கும்.

நெதர்லாந்தில் பூட்டு ஆர்வலர்கள் கூடும் லாக்கான் நிகழ்வில் இதற்கென்றே போட்டி வைக்கிறார்கள். நம் ஊரில் குடைக்கு அடியில் உட்கார்ந்து, பேருந்துச் சத்தத்துக்கு நடுவில் தினமும் செய்கிறார்கள். ஒரு டீ வாங்கிக் கொடுத்து, கூட்டம் இல்லாத மத்தியான நேரத்தில் பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள்.

திண்டுக்கல் பூட்டைத் திறந்து பார்த்திருக்கிறீர்களா?

புதிதாக வாங்கிய ஒன்றை, பல வாரங்கள் முயன்று. திண்டுக்கல் பூட்டுக்கு 2019இல் புவிசார் குறியீடு கிடைத்தது. கையால் செய்யும் லீவர் பூட்டுகள் அவை. ஒன்று போல இன்னொன்று இருக்காது. உருவத்துக்குப் பெயர் வாங்கிய மாங்காய்ப் பூட்டு, திருப்பும்போது மணியடிக்கும் பூட்டு, வழி தெரியாதவருக்குச் சாவி கொடுத்தாலும் திறக்காத தந்திரப் பூட்டு என்று ரகங்கள் உண்டு. அலிகரிலிருந்து வந்த இயந்திரப் பூட்டின் விலையோடு போட்டி போட முடியாமல் தொழில் சுருங்கிவிட்டது.

லீவர் பூட்டில் ஒவ்வொரு லீவரிலும் ஒரு வாசல் வெட்டியிருப்பார்கள். எல்லா வாசல்களும் ஒரே உயரத்தில் நேராக வந்தால்தான் தாழ் நகரும். தாழின் மேல் அழுத்தம் கொடுத்துக்கொண்டு எந்த லீவர் சிக்குகிறது என்று தேட வேண்டும்; ஹாப்ஸ் 1851இல் செய்ததும் இதுதான். தத்துவம் பின் பூட்டுடையதே, கருவிதான் வேறு. ஒரு கம்பி தாழை அழுத்தும், இன்னொன்று லீவரைத் தூக்கும், இரண்டும் அந்த ஒரே துவாரத்துக்குள். பின் பூட்டில் ஒரு வருடமாவது ஓட்டிய பிறகு வாருங்கள். தாத்தா காலத்து மாங்காய்ப் பூட்டு வீட்டில் இருந்தால் அதில் பழகாதீர்கள். உள்ளே ஒரு ஸ்பிரிங் ஒடிந்தால் அதைச் சரிசெய்ய ஆள் தேடுவது வர வரக் கஷ்டமாகிறது.

எத்தனை நாளில் வரும்?

முதல் பூட்டு முதல் வாரத்திலேயே திறந்துவிடலாம். அதே பூட்டை எப்போது கேட்டாலும் திறக்க ஒரு மாதம். தினமும் இருபது நிமிடம் போதும். எரிச்சல் வந்ததும் கீழே வைத்துவிடுங்கள். எரிச்சலில் கை இறுகும், இறுகிய கைக்குப் பூட்டு பேசாது. டிவி பார்த்துக்கொண்டே செய்வது எனக்கு நன்றாக வருகிறது. கண் வேறெங்கோ இருந்தால் விரல் நன்றாகக் கேட்கிறது.

பழகிய பிறகு, சாவி தொலைந்த அக்கம்பக்கத்தாருக்குத் திறந்து கொடுக்கலாமா?

நான் செய்வதில்லை. வாசலில் நிற்பவர் அந்த வீட்டுக்காரர்தான் என்றே வைத்துக்கொள்வோம்; பூட்டு கெட்டால் யார் பொறுப்பு? அதோடு, தெருவில் ஒரு வீட்டில் திருட்டு போனால் முதலில் நினைவுக்கு வருகிற பெயர் யாருடையதாக இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். கேட்பவர்களுக்கு எங்கள் பீரோவைச் சரிசெய்த அதே சாவிக்காரரின் எண்ணைக் கொடுத்துவிடுகிறேன். அவர் இன்னும் என்னைப் பார்த்தால் "முனை ஏதும் ஒடியலையே தம்பி?" என்றுதான் விசாரிக்கிறார்.